லாரிக்குள் இருப்பவர்கள்

காலித் தீப்பெட்டியின் மருந்துப் பட்டையைச் சுரண்டினால் கிளம்பும் நெடியும் மைதாப் பசையின் புளிப்பும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும்; எத்தனை முறை கழுவினாலும் விரலை விட்டுப் போகாமல், சாப்பிடும்போது சோற்றிலும் ஏறிக்கொள்ளும். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயதான கோடை விடுமுறை முழுவதும் என் கையில் அந்த வாசனைதான் இருந்தது. நான் லாரி செய்துகொண்டிருந்தேன். இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டி, அம்மாவின் ஊசி டப்பாவிலிருந்து திருடிய சட்டைப் பொத்தான்களைச் சக்கரமாக வைத்து, மேல்பக்கத்தைத் திறந்துவிட்டால் வேர்க்கடலை உயரத்துப் பிளாஸ்டிக் சிப்பாய்களை உள்ளே நிற்க வைக்கலாம்.

ஈஜிபுராவில் நாங்கள் இருந்தது பெங்களூரில் "வட்டாரா" என்று சொல்லும் வகை வீடு: ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக நான்கு சின்ன வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய், மாடியில் ஓனர் குடும்பம். அந்தக் குடும்பத்தை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. வயதானால் மனம் கனியும் என்று சொல்பவர்கள் என்னைச் சந்தித்ததில்லை. தண்ணீர் காலை ஏழு மணிவரைதான், கொடியில் ஒரு வரிசைத் துணிதான், விருந்தாளி வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று மாதத்துக்கொரு விதி மாடியிலிருந்து இறங்கி வரும். யாராவது முனகினால் ஓனரம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "பாடிகேக்கு வந்தவங்க பாடிகேக்கு வந்தவங்க மாதிரி இருக்கணும்" என்பார். பாடிகே என்றால் கன்னடத்தில் வாடகை. அவர்களும் எப்போதோ ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள்தான், ஆனால் எங்களை மட்டம் தட்டும்போது மட்டும் கன்னடம் முந்திக்கொண்டு வரும்.

எங்களுக்கு அது நான்காவது வீடு. அப்பா பொம்மசந்திராவில் ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பதினோரு மாத அக்ரிமெண்ட் முடியும் சமயத்தில் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக் காலி செய்யச் சொல்வார்கள், பாத்திரங்களோடு என் பள்ளிக்கூடமும் மாறும். அந்த மே மாதத்தோடு இந்த அக்ரிமெண்டும் முடிவதாக இருந்ததால் அம்மா தினமும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்: "ஓனர் பையன்கிட்ட வாய் குடுக்காதடி. இந்த வீடாவது நிலைக்கட்டும்."

ஓனர் பையன் பிரகாஷ், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். துபாயிலிருந்து வந்த அவன் மாமா ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். அதில் பச்சைச் சிப்பாய்கள், பழுப்புச் சிப்பாய்கள், இரண்டு டேங்குகள், ஆங்கிலத்தில் ஒரு ரூல் புத்தகம். மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய கதவைச் செங்கல் மேல் படுக்க வைத்து அதைப் போர்க்களமாக்கியிருந்தான். புத்தகத்தின் பின்பாதியை அவர்கள் வீட்டு நாய் தின்றுவிட்டது. அதில்தான் வண்டிகளைப் பற்றிய பக்கங்கள் இருந்தன போலும். பச்சையும் டேங்கும் அவனுக்கு. துப்பாக்கி உடைந்த பழுப்புப் பட்டாளம் எனக்கும் அடுத்த வீட்டு ரவிக்கும். ஒருவர் ஆடும்போது இன்னொருவர் அம்பயர். எதிரியின் கொடியைப் பிடித்தால் வெற்றி. என் சிப்பாய்கள் முறைக்கு அரை ஸ்கேல் தூரம்தான் நடக்க முடியும் என்பதால் பாதிக் கதவைத் தாண்டுவதற்குள் டேங்க் எல்லோரையும் கொன்றுவிடும். வாரக்கணக்கில் தோற்றேன். அவன் ஒவ்வொரு முறையும் கையைத் தட்டிக்கொண்டு, "நெக்ஸ்ட்" என்பான். பல் டாக்டர் வீட்டு வாசலா அது?

அதனால்தான் லாரி. பத்துச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு முறைக்கு இரண்டு ஸ்கேல் ஓடும் என்று நான் சொன்னபோது, தீப்பெட்டி என்ன செய்துவிடும் என்ற இளக்காரத்தில் ஒப்புக்கொண்டான். முதல் ஞாயிற்றுக்கிழமையே அவன் கொடியைப் பிடித்தேன். மறுவாரமும் பிடித்தேன். அந்த மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவில்லை, அவன் முகத்துக்கு நேராகவே சிரித்தேன்.

அதன் பிறகு நாங்கள் ஆடியதைவிட வாதாடியதுதான் அதிகம். "இது போங்கு, லாரியில ஆறு பேர்தான் ஏறலாம்" என்றான். சரி என்றேன். இறங்கிய முறையிலேயே சுடக் கூடாது என்றான். இரண்டு நாள் கத்திவிட்டு அதற்கும் சம்மதித்தேன், அது நியாயம்தான். அப்படியும் ஜெயித்தேன். அப்போதுதான் மூன்றாவது விதியைக் கொண்டுவந்தான்: லாரி மேல் ஒரு குண்டு விழுந்தால் உள்ளே இருக்கும் எல்லோரும் சாக வேண்டும். லாரிக்குள் என் பட்டாளத்தில் பாதி இருக்கும், அவன் டேங்க்கோ மூன்றுக்கு இரண்டு முறை குறி தவறாது. அந்த விதி வந்தால் லாரிகளைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி நடந்து சாக வேண்டியதுதான். ஒவ்வொரு சிப்பாய்க்கும் லூடோ பகடையை உருட்டுவோம், நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் அவன் குதித்துத் தப்பித்தவன் என்றேன்.

"தீப்பெட்டிதானே? பத்திக்கிட்டா மொத்தமும்தான் எரியும்" என்றான் பிரகாஷ்.

"உன் மண்டையும் மரம்தான். அதுக்கு யாராவது ரூல் போட்டாங்களா?" என்றேன்.

ஓட்டுப் போடலாம் என்றவன் அவன்தான். ரவி அவர்கள் வீட்டில் கேபிள் டிவி பார்ப்பவன், தன் பக்கம் கை தூக்குவான் என்ற தைரியம். ரவி என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், பிறகு பகடை விதிக்குக் கை தூக்கினான். இரண்டுக்கு ஒன்று. பிரகாஷ் படியேறிப் போனான். நான் என் லாரியில் ஆறு பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் யோசித்துச் சொன்ன ஒன்று சட்டமானதே இல்லை.

இறங்கி வந்தவர் ஓனர். பனியனும் லுங்கியுமாக, பின்னால் மகன். ரவியின் கை கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"என் கதவு மேல, என் பையனுக்கே ரூல்ஸா? பாடிகேக்கு இருந்துக்கிட்டு எலக்‌ஷன் நடத்துறீங்களா?" என்றவர், குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஏன்மா, இங்க வா. இந்த மாசம் அக்ரிமெண்ட் முடியுதில்ல? ஞாபகம் இருக்கா?"

அம்மா சோப்பு நுரையோடு வந்தாள். நான் முந்திக்கொண்டு பகடையைக் காட்டி, நான்கு விழுந்தால் குதித்தவன் பிழைப்பான் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. பிரகாஷிடம், "நீ என்ன தம்பி சொல்ற?" என்று கேட்டாள்.

"குண்டு விழுந்தா உள்ள இருக்கிற எல்லாரும் சாகணும் ஆன்ட்டி."

"சாகட்டும் தம்பி" என்றாள் அம்மா. "எல்லாரும் சாகட்டும். இதுக்குப் போயா சண்டை?"

சொல்லிவிட்டு, ஈரக் கையாலேயே என் லாரிக்குள் விரலை விட்டு ஆறு பேரையும் வழித்தெடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஓனரைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவளை அன்று நான் வெறுத்தேன். பிரகாஷை வெறுத்ததைவிட அதிகமாக. நனைந்த தீப்பெட்டி என் கண் முன்னாலேயே பிரிந்துகொண்டு சாய்ந்தது.

இனி ஆட மாட்டேன் என்றேன். அதற்கும் வழியில்லை. "ரோஷப்பட்டுக்கிட்டு வீட்ல உக்காந்தா அவங்களுக்குத் தெரியாதா? போ, போய் தோத்துட்டு வா" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா அனுப்பினாள். போனேன், தோற்றேன், அவன் "நெக்ஸ்ட்" என்பதைக் கேட்டேன். அக்ரிமெண்டைப் புதுப்பித்தார்கள். அடுத்த வருடம் மேலே இரண்டு மாடி எழுப்பப் போவதாகச் சொல்லி நான்கு வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள்.

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு அந்த வழியாக ஆட்டோவில் வந்தேன். வட்டாரா இல்லை. ஐந்து மாடிக்கு ஒரு ஹாஸ்டல், குழாய் இருந்த இடத்தில் பைக்குகள், கதவைப் படுக்க வைத்திருந்த இடத்தில் லிஃப்ட். ஓனர் குடும்பம் விற்றுவிட்டுப் போனதாம். எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. சிக்னலில் ஆட்டோ நின்றபோது அம்மாவிடம், "இங்கதான் என் லாரியில இருந்தவங்களை நீ சாகச் சொன்ன. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்வாள், விளையாட்டைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"இல்லாம என்ன?" என்றாள். "குதிச்சவன் பொழைப்பான்னு நீ சொன்ன. அதுதானே நியாயம்? வண்டி எரிஞ்சா உள்ள இருக்கிறவன் குதிக்கத்தானே பாப்பான். அதுகூடவா எனக்குத் தெரியாது?"

சிக்னல் விழுந்தது, ஆட்டோ நகர்ந்தது. அம்மாவுக்கு அந்த விளையாட்டு புரியவில்லை, புரியாமல் சொல்லிவிட்டாள் என்று நினைத்துத்தான் இத்தனை வருடமும் அவளை மன்னித்து வைத்திருந்தேன்.