மைக் அக்காவுக்குக் காது அடைத்த கதை

பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படுவதை ஒலிபெருக்கியில் அறிவிப்பவளுக்கு எல்லாரும் வைத்த பெயர் மைக் அக்கா. வீட்டிலும் அதே தொண்டைதான். வெந்நீர் ரெடி என்று அவள் குரல் கொடுத்தால் மூன்றாம் வீட்டுக்காரரும் துண்டைத் தேடுவார். அவள் கணவர் எதற்கும் “ம்” என்பதோடு சரி.

தங்கை குடிபோன புது வீட்டைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறினாள். திரும்பும்போது நல்ல சளி. விமானம் கீழே இறங்க இறங்க இரண்டு காதும் கும்மென்று அடைத்துக்கொண்டன. மற்றவர்கள் பேச்சு தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. தன் குரல் மட்டும் மண்டைக்குள் இடியாய் முழங்கியது. தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திவிட்டாள்.

“எண்ணெயைக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடட்டுமா?” என்று வீடு வந்ததும் கணவர் கத்தினார்.

“நீங்க வேற, சும்மா இருங்க.”

மறுநாள் வேலைக்குப் போய் அறிவித்தாள். பயணிகள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். மேலாளர் ஓடி வந்தார்.

“மைக் கெட்டுப்போச்சாக்கா?”

“கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்!” என்றாள், கிசுகிசுப்பாக.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, டிக்கெட் கொடுக்கும் பெண்ணை மைக் முன் உட்காரவைத்து, இவளை டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். “மூக்குக்கும் காதுக்கும் நடுவுல ஒரு சின்னக் குழாய் இருக்கும்மா. சளியில அது ஒட்டிக்கிச்சு. மூக்கைப் பிடிச்சு, வாயை மூடி, மெதுவா ஊதுங்க. பலமா முக்கிடாதீங்க. எண்ணெய் கிண்ணெய் எதுவும் காதுல ஊத்தாதீங்க” என்று உரக்கச் சொல்லி, சளிக்கு மூக்கில் விடும் மருந்தையும் எழுதிக் கொடுத்தார்.

ஊதினாள், எச்சில் விழுங்கினாள், சூயிங்கம் மென்றாள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. அவள் சொல்வது கேட்க வேண்டுமென்று கணவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு நாள் சாப்பாட்டின்போது ஏதோ சொன்னார்.

“என்னது?”

“நீ இப்படிப் பேசினா நல்லாத்தான் இருக்கு!” உரக்கச் சொன்னபிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

“அப்ப இத்தனை வருஷமா?”

“காது புளிச்சுப்போச்சு.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மறுநாள் மாலை துணி மடிக்கும்போது பெரிதாக ஒரு கொட்டாவி. ‘டப்’பென்று ஒரு காது திறந்தது, பின்னாலேயே மற்றதும். மின்விசிறியின் கிறீச்சும் தெரு வண்டிகளும் ஒரேயடியாக உள்ளே பாய்ந்தன. கூடவே, பின்னறையில் கணவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி முணுமுணுத்த பாட்டு. அவருக்குப் பாட வரும் என்றே அவளுக்குத் தெரியாது. ஒரு வரி தப்பாமல் பாடினார்.

கையிலிருந்த துணியோடு பாட்டு முடியும்வரை நின்றாள். பிறகு கதவருகே போய், “காது தெறந்துடுச்சுங்க” என்றாள்.

குரல் பழையபடிதான் வந்தது. அவர் ஊசியை விரலில் குத்திக்கொண்டார்.