புத்தி தெளிவாக இருக்கும் வரை

வங்கியில் என் செக்கைத் திருப்பிக் கொடுத்ததுதான் முதல் அறிகுறி. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். ஊரில் பாதிப் பேருடைய ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட பிரெஞ்சு வாத்தியார் நான். கவுன்ட்டரில் நன்றாகச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்தால், புதியது எறும்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். பார்க்கின்சன் (உடல் அசைவை நடத்தும் மூளைச் செல்கள் மெல்ல அழியும் நோய்) என்றார்.

"கை மட்டுந்தானா டாக்டர்?"

"இப்போதைக்குக் கைதான் சார். சில பேருக்குப் பின்னாடி மறதியும் வரும். வங்கி வேலையெல்லாம் இப்பவே ஒழுங்கு பண்ணி வச்சிடுங்க."

அந்த 'இப்பவே' காதிலேயே நின்றது.

மனைவி காலமான பிறகு, கருவடிக்குப்பம் வீட்டில் நானும் மகள் ரெஜினாவும்தான். எனக்காக வங்கியில் கையெழுத்துப் போட அவளுக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதினேன். அதுவும் பென்ஷன் கணக்குக்கு மட்டும். மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் எடுக்கலாம், டெபாசிட்டைத் தொடக் கூடாது.

"முழுசாக் குடுத்தா என்னாப்பா? நான் என்ன ஓடியா போயிடுவேன்?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என்னிடம் மிச்சமிருந்த அதிகாரம் அது ஒன்றுதான்.

வக்கீல் பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குப் புத்தி தெளிவா இருக்கற வரைக்குந்தான் சார் இது செல்லும். அப்புறம் கோர்ட்டுக்குத்தான் போவணும்." ரெஜினா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து காப்பியோடு ஒரு கேள்வியும் வந்தது. "அப்பா, இன்னிக்கு என்னா கெழமை?" பதில் சொன்ன பிறகுதான் டம்ளர் கைக்கு வரும். "நீ வாத்தியாரா, நான் வாத்தியாரா?" என்று கடிந்துகொண்டேன். பிறகு, கண் விழித்ததுமே கிழமையை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன்.

போன வாரம் ஒரு காலை "வியாழன்" என்றேன். "சரிப்பா" என்று டம்ளரை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். பாதிக் காப்பியில் மாதா கோயில் பூசை மணி அடித்தது. தெருவில் குடும்பம் குடும்பமாக, ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அவளுக்கும்தான். உங்களில் யாருக்காவது கையெழுத்து சுருங்கத் தொடங்கியிருந்தால் பத்திரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். புத்தி போன பிறகு என்ன வழி என்பதையும் வக்கீலிடம் அன்றே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

இப்போதும் காலையில் காப்பி வருகிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். ரெஜினா கிழமை கேட்பதில்லை.