எதிரெதிர் இலை

எங்கள் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் நான் உட்காருவேன். அப்படிச் செய் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் வாழ வந்த வீட்டில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, நானும் அதில் சேர்ந்துகொண்டேன். மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்தார்கள், பிள்ளைகள் கல்யாணமாகிச் சென்னைப் பக்கம் போனார்கள். திண்டிவனத்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர் மிச்சம். அப்போதும் அவர் முதலில், நான் பின்னால். பழக்கம் என்பது அப்படி ஒரு சனியன்.

ஓட்டலில் மட்டும் அது செல்லாது. இலை போடுகிறவர் இரண்டு இலையையும் ஒரே வீச்சில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். எதிரெதிரே உட்கார்ந்து, அவர் ஒரு வாய் எடுக்கும்போது நானும் ஒரு வாய் எடுப்பேன். அதற்காகவேதான் எனக்கு வெளியில் சாப்பிடப் பிடிக்கும். சமைக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு புருஷனை ஓட்டல் ஓட்டலாக இழுத்துக்கொண்டு திரிகிறாள் என்று என் பெரிய நாத்தனார் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும், அவருக்கு வேறு என்ன வேலை.

என் வீட்டுக்காரர் குட்டியானை வண்டி வைத்து லோடு அடித்தவர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை, நெல் மூட்டை, சில சமயம் யாராவது வீடு மாறும் சாமான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எந்த அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியும். பெரிய போர்டு வைத்த கடையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். வாரநாளில் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்னை பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவார். ரயில்வே கேட் பக்கம் ஒரு இட்லிக் கடை. அங்கே மல்லாட்டைச் சட்னி, கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி கொரகொரவென்று அரைத்திருப்பார்கள். விழுப்புரத்தில் ஒரு அம்மா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, சாயங்காலம் மட்டும் முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை தட்டுவார். எல்லாவற்றுக்கும் மேலே விக்கிரவாண்டி தாண்டி ஒரு வீட்டு மெஸ். முன்பக்கம் ஷீட் இறக்கி நாலு மேசை போட்டிருக்கும், அவ்வளவுதான். மரக்காணத்திலிருந்து வருகிற மீனில், மாங்காய் போட்டு ஒரு குழம்பு வைப்பார் அந்த அக்கா.

எங்கே போனாலும் முதல் வாய் உள்ளே போனதும் என்னைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்பார். நல்லா இருக்குது என்பேன். அவருக்கு அது போதாது. போஸ்டர் தின்கிற மாட்டைக் கேட்டால் அதுவும் நல்லா இருக்குது என்றுதான் சொல்லும் என்பார். எனக்குக் கோபம் வரும். சாப்பிடுவதைச் சாப்பிட விடாமல் பரீட்சை வைத்தால் யாருக்குத்தான் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இட்லிக் கடையில் அவருக்குத் தொண்டையில் இட்லி நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினார். மாவு சரியில்லை என்று கடைக்காரம்மாவிடம் குறை சொன்னார். அடுத்த வாரமும் நின்றது, அடுத்த வாரமும் மாவைத்தான் குறை சொன்னார். நானும் அவரோடு சேர்ந்துகொண்டு சொன்னேன். பாவம், அந்த அம்மா அரிசியை மாற்றியே பார்த்துவிட்டார். தண்ணீரே நின்ற பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உணவுக் குழாயில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். வயிற்றில் துளை போட்டு ஒரு குழாயை வைத்து அனுப்பினார்கள். அதன் வழியாகப் பெரிய சிரிஞ்சில் கஞ்சியும் பாலும் நான் இறக்க வேண்டும். வாய் இருந்தது, நாக்கு இருந்தது, பசியும் இருந்தது. உள்ளே போகிற வழிதான் அடைத்துக்கொண்டது.

அன்றோடு நான் வீட்டில் தாளிப்பதை நிறுத்தினேன். வெங்காயம் வதங்குகிற வாசனை அவர் மூக்குக்குப் போனால் என்ன பாடுபடுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கஞ்சி இறக்கிவிட்டு, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லோரம் நின்றுகொண்டே, பழையதைக் கரைத்துக் குடித்துவிடுவேன். வந்து போனவர்கள் மெச்சினார்கள். நாத்தனார்கூட, பரவாயில்லை, பொறுப்பு வந்துவிட்டது என்றார். எனக்கு அதில் பெருமைதான். என் சேலை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்திருந்தது.

ஒரு மத்தியானம் அவர் கேட்டார், "நீ சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டாய் என்றார். கத்திரிக்காய்க் குழம்பு என்று கூசாமல் சொன்னேன்.

"வூட்ல எண்ணெ வாசனையே வர்ல. எந்த அடுப்புல வெச்சே?" என்றார். நான் சிரிஞ்சை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். "எனக்குத்தான் எறங்கல. நீயும் சாப்டாம கீறியே, அப்ப இந்த வூட்ல யாருதான் சாப்ட்றது?"

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. கட்டி என்று சொன்ன அன்றைக்குக்கூட அழாத மனுஷன். நான் செய்தது தியாகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறபோதே வீட்டை எழவு வீடாக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் மீன் மெஸ்ஸுக்குப் போகலாம் என்றார். ஒரே சண்டை. அங்கே போய் எதையாவது வாயில் போட்டு அடைத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்று கத்தினேன். நான் சாப்பிடப் போகவில்லை, நீ சாப்பிடத்தான் போகிறோம் என்றார். தெரிந்தவர் ஆட்டோவில் போனோம். மெஸ் அக்கா பழக்கத்தில் இரண்டு இலை போட்டுவிட்டார். அவர் முகத்தையும், சட்டைக்குள் புடைத்துக்கொண்டிருந்த குழாயையும் பார்த்ததும், பதறிப்போய் ஒன்றை எடுக்க வந்தார். என் வீட்டுக்காரர் இலை மேல் கையை வைத்துக்கொண்டு, இருக்கட்டும் என்றார்.

சோறு வந்தது, குழம்பு வந்தது. எதிரில் காலி இலைக்கு முன்னால் அவர். இத்தனை வருஷம் அவர் சாப்பிடாமல் நான் ஒரு வாய் உள்ளே தள்ளினதில்லை. கை இலையிலேயே கிடந்தது. அழுதுகொண்டே ஒரு கவளம் போட்டேன்.

"எப்டிகீது?" என்றார்.

"நல்லாகீது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு நல்லாகீது போதாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இன்னொரு வாய் எடுத்து, மென்று, கண்டுபிடித்துச் சொன்னேன். "புளிப்பு தூக்கலா கீது. புளி கம்மிதான், மாங்காப் புளிப்பு. மீனு இன்னிக்கி வந்த மீனு, ஒடையாம கீது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மாங்கா தோலோடவா?"

"தோலோடதான். கடிச்சா நறுக்குனு கீது."

அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

அதற்கப்புறம் முடிந்த நாளெல்லாம் போனோம். இட்லிக் கடையில் அவர் அந்த அம்மாவிடம், மாவுமேல் தப்பில்லை என்று தானே சொன்னார். விழுப்புரத்தில் அடையை ஒரு விள்ளல் மென்றுவிட்டுத் துப்பிப் பார்த்தார், பிறகு அந்த வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டார். நான் சாப்பிடுவேன், அவர் கேட்பார். கீரை முறுகியிருக்கிறதா, சட்னியில் பூண்டு தெரிகிறதா என்று. என் நாக்குக்கு அவ்வளவு தெரியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. புருஷன் பட்டினி கிடக்கிறான், இவள் மெஸ்ஸில் உட்கார்ந்து மீன் முள் உறிஞ்சுகிறாள் என்று நாத்தனார் பேசினாராம். ஆமாம், தலையையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் எழுந்திருக்க முடியாமல் போனதும் பார்சல் வாங்கிவந்து கட்டிலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். கேள்விகள் குறைந்தன. கடைசியில் எப்டிகீது மட்டும் மிச்சம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. ஒரு விடிகாலையில் போய்விட்டார்.

கருமாதிக்கு முந்தின நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இலை போட்டு எல்லாவற்றையும் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவார். அப்புறம்தான் வீட்டு மனுஷர்கள் கை நனைக்கலாம். மெஸ் அக்கா தூக்குவாளியில் குழம்பைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். நாத்தனார் படைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார், "அவன் சாப்டட்டும். நீ அப்பறமா சாப்டலாம்."

மறுபடியும் அவர் முதலில், நான் பின்னால். கூடத்தில் பந்திக்கு வைத்திருந்த இலைக்கட்டிலிருந்து ஒரு இலையை உருவிக்கொண்டு, தூக்குவாளியையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அவர் இலைக்கு எதிரில் என் இலையைப் போட்டு உட்கார்ந்தேன்.

நாத்தனார் கதவைத் தட்டினார். "இன்னா பண்ணிக்கினு கீற உள்ள? அவன் வந்து சாப்ட வாணாமா?"

"சாப்ட்டுக்கினுதான் கீறாரு. இருங்க."

முதல் வாய் எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன். "மாங்கா தோலோடதான் போட்டுக்கீது. உப்பு கொஞ்சம் கம்மி. அந்த அக்கா அழுதுக்கினே வெச்சிருக்கும், அதான்."

அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். என் இலை காலியானது. அவர் இலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது. என் இலையை மடித்துவிட்டு, எழுந்து கதவைத் திறந்தேன்.