பதினோரு மணிக்கு வரும் மறதி

சாவிக்காரி என்று அவளுக்குப் பேர் வைத்தது நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? சந்தேகம் அவளுக்குத் தாய்வழிச் சொத்து. அவளுடைய சின்னம்மா புருஷன் குடை வாங்கி வருகிறேன் என்று போனவர், வேறு ஊரில் வேறொருத்திக்கு அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாராம். பார்த்து வந்து சொன்னவர் பெரியம்மாவின் சம்பந்தி. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பெண்கள், கொட்டுகிற மழையானாலும் புருஷனைக் குடை வாங்க அனுப்பியதில்லை.

அவள் புருஷன் மெத்தைக்காரர். முன்னறை கடை, பின்னறை வீடு. அவள் உறை தைத்துக் கொடுப்பாள். அவர் பஞ்சை அடைத்து, கோணி ஊசியால் வாயை மூடி, பஞ்சு ஒரு மூலையில் சேர்ந்துவிடாதபடி சாணுக்கு ஒரு முடிச்சுப் போடுவார். நாற்பத்தொரு வருஷமாக இப்படித்தான். வாய் பேசாத மனுஷன். அவருடைய ஐம்பதாவது வயதில் இரண்டு வாரம் தொடர்ந்து தாமதமாக வீட்டுக்கு வந்தார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்தாள். மைதானத்தில் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் அவளுக்கு முழுசாகத் திருப்தியில்லை. இந்த வயதில் சைக்கிள் எதற்கு என்று ஒரு மாதம் யோசித்தாள்.

இந்த வருஷம் ரமலானில் நாலாம் நோன்பன்று ஒரு பன் காணாமல் போனது. சாயங்காலம் நோன்பு திறக்க ஆறு பன் வாங்கி டப்பாவில் வைத்திருந்தாள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஐந்துதான் இருந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர், இரண்டு பேரும் நோன்பு. எலியாக இருக்கும் என்று தேடினாள். டப்பாவின் மூடியைத் திறந்து, தின்றுவிட்டு, திரும்ப இறுக்கி மூடிப் போகிற எலியை அவள் பரம்பரையில் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் தைத்து முடித்து அடுக்கியிருந்த மெத்தைகளுக்குப் பின்னால் மறைந்து நின்றாள். மணி பதினொன்று. அவர் ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார். பன்னை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் பிய்த்துத் தின்றார். தண்ணீர் குடித்தார். ஏப்பம்கூட விட்டார். கள்ளன் முழி அவர் முகத்தில் இல்லை. அதுவே அவளுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

முன்னால் வந்து, வாயில் என்ன என்று கேட்டாள். அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. நோன்பாச்சே என்று எழுந்தோடி வாயைக் கொப்பளித்தார். மறந்து தின்றால் நோன்பு போகாது, அது அல்லா ஊட்டினது என்று அவரே சொல்லிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

சட்டம் அவளுக்கும் தெரியும். சிறு வயதில் ஓதிக் கொடுத்ததுதான். ஆனால் மறுநாளும் பதினோரு மணிக்கு அவர் மறந்தார். அதற்கடுத்த நாளும் மறந்தார். மறதி என்ன, நேரம் பார்த்து வருகிற தபால்காரனா?

பள்ளிவாசல் ஹஜரத் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். சொந்தத்தில் ஒருத்தர் என்று ஆரம்பித்தாள். ஹஜரத், மெத்தைக்காரர் நல்லா இருக்காரா என்று கேட்டார். அதன்பின் ஒளிக்க ஒன்றுமில்லை.

மறந்து தின்றால் நோன்பு இருக்கிறது என்றார் ஹஜரத். தெரிந்தே தின்றால் போச்சு, பாவம், திரும்ப நோற்கணும். நோய்க்காரருக்கு விலக்கு உண்டு, குணமானால் பிறகு நோற்கலாம். இனி முடியவே முடியாது என்கிற முதியவர் நாளுக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும்.

"மறந்து சாப்பிடறதைப் பார்த்தா நாம சொல்லணுமா ஹஜரத்?"

"தெம்பான ஆளா இருந்தா ஞாபகப்படுத்துங்க. தளர்ந்தவரா இருந்தா பேசாம விட்டுடலாம்னு பெரியவங்க எழுதியிருக்காங்க. இவர் எப்படி?"

"பஞ்சு மூட்டையைத் தனியாத் தூக்குறாரு."

"அப்ப சொல்லுங்க. ஆனா ஒளிஞ்சு நின்னு பாக்காதீங்கம்மா. யாரும் பாக்காத இடத்துலயும் படைச்சவன் பாக்கறான்னு கையைக் கட்டிக்கறதுதான் நோன்பு. அதுக்கு இன்னொருத்தர் காவல் வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி, "வேற எதையாவது மறக்கறாரா?" என்று கேட்டார்.

இல்லையே, அதனால்தானே சந்தேகம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வந்தவள் அதை நிரூபிக்க இறங்கினாள். அவருடைய பெரிய வாப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுவாக்கில் கேட்டாள். ஏழு, மூத்தவன் மூன்று வயதில் மவுத்து, மிஞ்சினது ஆறு என்றார். நம் கல்யாணத்தன்று யார் கோபித்துக்கொண்டு போனது என்று கேட்டாள். உன் தாய்மாமன், பந்தியில் கடைசி வரிசையில் உட்கார வைத்தோம் என்றார். எல்லாம் கரெக்ட். கல்லுளிமங்கன், வேண்டுமென்றேதான் தின்கிறான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

மெச்சிய கையோடு, வாடிக்கைக்காரருக்குக் கொடுக்க மெத்தையை இறக்கினாள். அதன் வாய் இரண்டு தரம் தைக்கப்பட்டிருந்தது. ஒரு தையலுக்கு மேல் இன்னொரு தையல். அடுத்ததில் ஒரு முடிச்சுக்கூட இல்லை. மூன்றாவதில் ஒரு மூலையில் மட்டும் ஈ மொய்த்த மாதிரி இருபது முடிச்சு. நாற்பத்தொரு வருஷத்தில் அவர் கையிலிருந்து அப்படி ஒரு மெத்தை போனதில்லை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை நாள் திருடன் என்று நிரூபிக்க நின்றவள், அவர் திருடனாகவே இருக்கட்டும் என்று இப்போது வேண்டிக்கொண்டாள். முன்னறைக்குப் போனாள்.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. தெரிஞ்சுதானே தின்னீங்க? பசி தாங்கலைன்னு சொல்லுங்க, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அவர் ஊசியை நிறுத்தினார். "தெரிஞ்சு திம்பேனா? அன்னைக்கு ஒரு நாள் மறந்துட்டேன். அதுக்கா இத்தனை நாள் கழிச்சு விசாரணை?"

"ஒரு நாளா?"

"ஒரு நாள்தானே. நீகூட வந்து வாயில என்னன்னு கேட்டியே."

அவர் கண்ணில் பொய் இருக்கிறதா என்று தேடினாள். பொய்யைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கு அவளுக்குக் கிடைக்கவில்லை.

மகனுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றான். மெத்தைகளை அவளே பிரித்துத் திரும்பத் தைத்தாள். அவர் கேட்டால், உறையில் கறை, மாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் எழுந்து வந்தார். ஞாபகப்படுத்த வாயைத் திறந்தாள். தெம்பானவரா, தளர்ந்தவரா என்ற கேள்விக்கு ஹஜரத்திடம் தான் சொன்ன பதில் குறுக்கே வந்து நின்றது. மூட்டையைத் தூக்குகிற தோளைப் பார்த்துச் சொன்ன பதில் அது. இவர் நோன்பை எப்படி எழுதிக்கொள்வது என்பது எழுதுகிறவன் பாடு. அவளே பன்னை எடுத்துத் தட்டில் வைத்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்தாள்.

அவர் பன்னைப் பிய்த்தார். பாதியை அவளிடம் நீட்டினார்.

நோன்பு என்று சொன்னால் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். முகம் வெளுக்கும், ஓடிப்போய் வாயைக் கொப்பளிப்பார். பொய்யும் சொல்லக்கூடாது, வாயில் நோன்பு இருக்கிறது.

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பன்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் திறந்து வைத்திருந்த டப்பாவையும் பார்த்தார்.

"என்கிட்ட என்னமோ ஒளிக்கறே நீ," என்றார்.

"ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? பன்தானே."

"நீயா எடுத்துக் கொடுக்கறே, அதான் சந்தேகமா இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டு அவர் மறுபடி மெல்ல ஆரம்பித்தார். மீதிப் பாதியை அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவர் தண்ணீர் குடித்து முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தாள்.