ஒற்றைக் கட்டில் அளவு

எங்கள் சபைத் தையற்காரரை எல்லோரும் 'காஜா அண்ணன்' என்போம். நாற்பது வருடம் சட்டைகளுக்குக் காஜா எடுத்தவர். மனைவி போனபின் ஒற்றை அறை, ஒற்றைக் கட்டில்.

கடல் கடந்த ஓர் ஊரில் மலேரியா என்று கேள்விப்பட்டு, ஆலயக் கூடத்தில் கொசுவலை தைத்தோம். அளவு அவர் பொறுப்பு. அறுபது வலைகளை அனுப்பினோம். பதில் வந்தது: "நன்றி. ஆனால் இங்கே ஒரு வலைக்குள் ஐந்து பேர் படுக்கிறோம். ஓரத்தில் படுப்பவர்களைக் கொசு விடுவதில்லை."

"எந்தக் கட்டிலை அளந்தீங்கண்ணே?" என்றார் போதகர்.

"என் கட்டிலைத்தான் ஐயா."

கூடமே சிரித்தது. நானும்தான், வெட்கங்கெட்ட சிரிப்பு.

அடுத்த வாரம், அவர் புதிதாகத் தைத்த பெரிய வலையை வாங்கிவர அவர் அறைக்குப் போனேன். நான்கு மூலையிலும் ஆணி அடித்து அதைக் கட்டியிருந்தார். கட்டில், நாற்காலி, தையல் மெஷின் எல்லாம் வலைக்குள். நடுவில் அவர்.

"என்னண்ணே, உள்ளேயே குடியேறிட்டீங்களா?"

"அளவு பாக்கறேன்ப்பா. இன்னும் நாலு பேருக்குத் தாராளமா இடம் இருக்கு."

"அப்போ சரியா இருக்கு, கழட்டுங்கண்ணே, நேரமாச்சு" என்று வாசலில் நின்றபடியே சொல்லி, வலையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அவர் சொன்னது அளவை அல்ல என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.