பீலித் தண்ணீரில் பெய்த மழை

ரஹீம் நானாவின் புடவைக்கடை மேல்மாடியில் எப்போதும் புதுத்துணியின் கஞ்சி மணம் நிற்கும். கீழே பதுளை பஜாரிலிருந்து கருவாட்டு வாடையும் பஸ் புகையும் ஏறிவந்தாலும் அந்த மணத்தை அவை கலைத்ததில்லை. சுவரோரமாகப் பிரிக்காத துணிக்கட்டுகள், நடுவில் துணி அளக்கும் நீண்ட மேசை, அதற்கு மேலே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்துக் கட்டிய ஒரு கயிறு. வருடத்தில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கயிற்றில் ரயில் படங்கள் தொங்கும். உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளில் தொங்கிய அந்தப் படங்களுக்குக் கீழே என் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வார்டில் நோயாளிகளைப் பார்த்துவரும் டாக்டர்மாரைப் போல, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று நடப்பார்கள்.

என் அப்பா ஆறுமுகம், தெமோதரைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தின் "பக்டரி"யில் மெசின்களைப் பழுது பார்க்கிறவர். இரண்டாமவர் கடைக்காரரான ரஹீம் நானா. மூன்றாமவர் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற குணசேகர மாத்தையா. சிங்களவரான அவர் தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக, உடையக்கூடிய சாமானை இறக்கி வைப்பதுபோல் வைத்துப் பேசுவார். தொழிலும் மொழியும் மதமும் வேறான இந்த மூன்று பேரையும் சேர்த்துவைத்தது ரயில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளை ஸ்டேசன் மேடையின் கடைக்கோடியில் நின்று, வருகிற இஞ்சினின் சத்தத்தை வைத்தே அதன் உடல்நிலையைப் பேசிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் ரயிலுக்குக் "கோச்சி" என்று பெயர். ஆகவே பஜாரில் அவர்களுக்குக் "கோச்சிப் பைத்தியங்கள்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை அவர்கள் பட்டம்போல ஏற்றுக்கொண்டார்கள்.

வருடா வருடம் அவர்கள் ஒரு தலைப்பைச் சொல்லிப் படங்கள் கேட்பார்கள். ஒரு வருடம் பாலங்கள், இன்னொரு வருடம் வழியனுப்புகிறவர்கள். ஹட்டன், நானுஓயா, கொழும்பு என்று பல ஊர்களிலிருந்து தபாலில் படங்கள் வரும். எடுத்தவரின் பெயர் பின்பக்கம் எழுதப்பட்டு, அதன்மேல் ஒரு காகிதத்துண்டு ஒட்டப்பட்டிருக்கும். தீர்ப்பு முடியும்வரை அதை யாரும் உரிக்கக் கூடாது. ஒவ்வொருவரும் நானாவின் கடைப் பொத்தான்களில் மூன்றை எடுத்துக்கொண்டு, பிடித்த படத்துக்கு நேர்கீழே மேசையில் வைப்பார்கள். கண்ணில் பட்டதைத்தான் எடுக்க வேண்டும், படத்துக்காக எதையும் செய்துவைக்கக் கூடாது என்பது ஒரே விதி. வென்ற படம் எடுத்தவரின் பெயரோடு அடுத்த வருடத்துக் கடைக் கலண்டரில் வரும். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் அந்தக் கலண்டர் தொங்காத தோட்டத் தொழிலாளர் லயம் அந்நாளில் குறைவு.

எனக்குப் பதினொரு வயதான அந்த வருடம் தலைப்பு "மழையும் கோச்சியும்". தை மாதத்து மழையில் நனைந்துகொண்டே அவர்கள் அதை முடிவு செய்திருக்க வேண்டும். ஆடி வந்தபோது ஊவா மலைகளில் "கச்சான்" காற்று அடித்து எல்லாவற்றையும் காயவைத்துவிட்டது. தேயிலைச் செடிகளின் மேல் செம்மண் படிந்து கிடந்தது. லயத்துக்குத் தண்ணீர் வரும் "பீலி", விரல் தடிமனில் ஒழுகியது. கொழுந்து எடுத்துவிட்டு வரும் அம்மா, கூடையைக்கூட இறக்கிவைக்காமல் இரண்டு வாளிகளோடு அங்கே வரிசையில் நிற்பாள்.

அந்த நேரத்தில்தான் சிவலிங்கம் மாமா வந்தார். அவர் அம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. வேலை என்றால் இருட்டறையில் மற்றவர்கள் எடுத்த படங்களைக் கழுவிக் காயவைப்பது. முதலாளியிடம் கெஞ்சி ஒரு கமராவை நான்கு நாளைக்கு இரவல் வாங்கி வந்திருந்தார். அந்தக் கலண்டரில் தன் பெயர் வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு எவ்வளவு இருந்தது என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது விளங்கியதெல்லாம், அவர் மூன்று நாட்களாக வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பதும், நான்காம் நாள் காலையில் என்னையும் வசந்தா அக்காவையும் தனியே கூப்பிட்டார் என்பதும்தான்.

"ரெண்டு பேரும் பூவாளிய எடுத்துக்கிட்டு வாங்க. அம்மாகிட்ட சொல்ல வேணாம்," என்றார்.

அப்பா பக்டரியில் இருந்தார், அம்மா மலையில். அம்மா முதல்நாள் மாலை பிடித்துவைத்திருந்த இரண்டு வாளித் தண்ணீரையும் நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். கற்பாறையை வெட்டித் தண்டவாளம் போட்டிருந்த ஒரு வளைவில், மேட்டின் மேல் எங்கள் இருவரையும் நிறுத்திவிட்டு, மாமா கீழே ஒதுக்குப்புறமாக நின்றுகொண்டார். கோச்சி அந்த வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் வரும். அது வந்ததும் அவர் கையைக் காட்ட, நான் பூவாளியாலும் அக்கா அடியில் துளையிட்ட டின்னாலும் தண்ணீரைக் கொட்டினோம். கச்சான் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்ப் பெட்டிகளின் ஜன்னல்களில் தூவியது.

ஒரு ஜன்னலில் வயதான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. முகத்தில் துளி பட்டதும் கண்ணை மூடித் திறந்து, கையை வெளியே நீட்டி உள்ளங்கையை விரித்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். மாமாவின் கமரா அந்த நொடியைப் பிடித்தது. பெட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்தபோது அவள் மேட்டின் மேல் பூவாளியோடு நின்ற எங்களைக் கண்டாள். சிரிப்பு இறங்கியது. கையை மடக்கி உள்ளே எடுத்துக்கொண்டாள். கோச்சி போய்விட்டது.

மாலையில் அம்மா வெறும் வாளிகளைப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்க?" என்று கேட்டபோது, நாய் தட்டிவிட்டது என்றாள் அக்கா. அம்மா வாளிகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் பீலிக்கு நடந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, தீர்ப்பு நாளன்று, அப்பா வழக்கம்போல் என்னையும் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கயிற்றில் முப்பது படங்களுக்குக் குறையாமல் தொங்கின. நான் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்த இடத்துக்கு நேரெதிரே அந்தப் பெண் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொழும்பிலிருந்து தபாலில் வந்த படம் அது. பாறையோ வளைவோ தெரியவில்லை. ஒரு ஜன்னல், அதற்கு மேலே கூரையின் விளிம்பு, ஒரு முகம், ஒரு கை, வெள்ளிக் கோடுகளாய் மழை. மாமா வந்திருந்த நாட்களில் ஒரு துளி மழையும் பெய்யாததால், அப்பாவுக்கு அது யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று தெரிய வழியே இல்லை.

அப்பா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மூன்று பொத்தான்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குக் கீழேயே வைத்தார்.

"என்ன ஆறுமுகம், எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சிட்டீங்க?" என்று சிரித்தார் நானா. அவருடைய பொத்தான்களிலும் இரண்டு அங்கேதான் போயின.

குணசேகர மாத்தையா மட்டும் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு, "ஆறுமுகம், இந்தக் கூரை பாருங்க. மழைன்னா கூரை பளபள. இது பளபள இல்ல," என்றார்.

"இப்பத்தாங்க மொதத் துளி விழுது, மாத்தையா. அதனாலதான் அந்தம்மா கைய நீட்டிப் பாக்குது. நல்லா மழை புடிச்ச பொறகு யாரு கை நீட்டுவா? ஹட்டன் பக்கம் எடுத்திருப்பாங்க, அங்கதான் இப்ப மழை. எடுத்தவன் கெட்டிக்காரன். மழைய எடுக்கல, மழை வந்த சந்தோசத்த எடுத்திருக்கான்."

அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "சொல்லிறாத, மாமா மானம் போயிரும்," என்று அக்கா காலையில்கூடச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் அப்பா புகழ்ந்த அந்தச் சந்தோசம் அடுத்த நொடியில் என்ன ஆனது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தேநீர் வந்தது. அப்பா கைகழுவப் படியிறங்கியபோது நானும் பின்னால் போனேன். படி திரும்பும் இடத்தில் அவருடைய சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா கோபப்படவில்லை. இரண்டு கேள்விகள்தான் கேட்டார்.

"எந்தத் தண்ணி?"

"அம்மா புடிச்சு வச்சிருந்த தண்ணி."

"அந்தம்மா ஒங்களக் கண்டுச்சா?"

"கண்டுச்சு அப்பா."

அவர் கையைக் கழுவாமலே மேலே ஏறினார். மேசையருகில் போய், தன் மூன்று பொத்தான்களையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் இதுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நானா. இந்த மழை எங்க வீட்டுப் பீலித் தண்ணி. எடுத்தது என் மச்சான். ஊத்துனது என் புள்ளைங்க."

நானா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கலண்டரில் அதைப் போட்டுப் பார்த்து அவர் மனம் ஏற்கெனவே ஆசைப்பட்டுவிட்டது.

"படம் நல்ல படம்தானே ஆறுமுகம். நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும். விட்டுருவோமா?"

"இந்தப் புள்ளைக்கும் தெரியுமே, நானா."

மாத்தையா எழுந்துபோய்க் கிளிப்பைக் கழற்றி, படத்தை முகம் கீழாகத் துணிக்கட்டின் மேல் வைத்தார். பின்பக்கத்துக் காகிதத்தை அவர் உரிக்கவில்லை. அந்த வருடம் வென்றது பதுளை ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு பெண் அனுப்பிய படம்: ஹாலிஎல ஸ்டேசனுக்குள் கோச்சி வந்து நிற்கிறது, மேடையில் உள்ளவர்களோ அதைப் பார்க்காமல், ஒரு மேகமும் இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது அப்பா என்னைப் பாராட்டவுமில்லை, ஏசவுமில்லை. வீட்டில் அம்மா பேசினாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் அப்பாவிடம் அப்படிப் பேசியது அன்றைக்குத்தான்.

"ரெண்டு வாளித் தண்ணி நான் சொமந்தது. அதுக்கு நான் கோவிக்கணும். என் தம்பிய வெளி ஆளுங்களுக்கு முன்னால வச்சு நீங்க எதுக்குக் கேவலப்படுத்துனீங்க?"

அவள் பக்கம் நியாயம் இருந்தது. என் முகத்தையும் அவள் சில நாட்கள் நேராகப் பார்க்கவில்லை. மாமா அந்தத் தீபாவளிக்கு வரவில்லை. அதற்கடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. ஸ்டூடியோவில் அந்தக் கதை எப்படியோ போய்ச் சேர்ந்து, "மழைக்காரன்" என்று அவரைக் கேலி செய்தார்களாம். நான் சொன்னது சரிதானா என்று இரவுகளில் அக்காவைக் கேட்பேன். தூங்கு என்பாள்.

ஆறு வருடம் கழித்து அக்காவின் கல்யாணத்துக்கு மாமா வந்தார். சொந்தமாக ஒரு கமரா வைத்திருந்தார். தலைமயிர் முன்பக்கம் கொட்டியிருந்தது. அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்து, "எப்படி இருக்கீங்க மச்சான்," "இருக்கேன் மச்சான்," என்றதோடு சரி. ஆனால் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கல்யாணம் முடிந்து கிளம்பும்போது மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு உறையைக் கையில் தந்தார்.

"அன்னைக்கு ரெண்டாவதா இன்னொரு படமும் எடுத்தேன் சாந்தி. அனுப்ப மனசு வரல. இது ஒன்கிட்ட இருக்கட்டும்."

உள்ளே அதே ஜன்னல், அதே பெண். கை பாதி மடங்கியிருக்கிறது. கண்கள் மேட்டைப் பார்க்கின்றன. மாமா பின்னுக்கு நகர்ந்து எடுத்திருந்ததால், மேட்டின் மேல் நின்ற நாங்களும் அதில் விழுந்திருந்தோம். அக்கா டின்னைப் பார்த்துக் குனிந்திருந்தாள். நான் பூவாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அந்தப் பெண்ணைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய சிரிப்பு இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. என்னுடைய சிரிப்பு அந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட நினைவுக்கு வந்ததில்லை. மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சின்னப் புள்ளதானே," என்றார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

இப்போது அந்த மூன்று பேரும் இல்லை. மாத்தையா முதலில் போனார், பிறகு அப்பா, கடைசியாக ரஹீம் நானா. மேல்மாடியில் கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். பீலி இருந்த இடத்தில் குழாய் வந்துவிட்டது. ரயில் படங்களுக்குக் குறைவே இல்லை. ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் ஒரு கோச்சி வந்தால் நூறு கைகள் கைப்பேசியைத் தூக்குகின்றன. ஒரு படத்தின் முன்னால் மூன்று பேர் நின்று, கூரை நனைந்திருக்கிறதா இல்லையா என்று அரைமணி நேரம் பேசுவதுதான் எங்கும் காணக் கிடைக்கவில்லை.

நான் பண்டாரவளையில் ஆசிரியையாக இருக்கிறேன். ரயில் பிரியர்களான இளைஞர்கள் சிலர் கைப்பேசிக் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் போட்டிக்கு என்னையும் ஒரு நடுவராகச் சேர்த்து, மூன்று வாக்குகள் தந்திருக்கிறார்கள். இவ்வருடத் தலைப்பு "காலைக் கோச்சி". எனக்குப் பிடித்த படங்களை எடுத்தவர்களிடம் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டு அனுப்புவேன்: இதற்கு அடுத்த நொடி என்ன நடந்தது? பலர் அதற்குப் பதில் போடுவதில்லை. சிலர் கமராவின் விவரங்களை அனுப்புகிறார்கள்.

ஹப்புத்தளைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, பனிமூட்டத்தில் வரும் கோச்சிக்கு அவளுடைய அப்பா கை காட்டுகிற படத்தை அனுப்பியிருந்தாள். கொஞ்சம் ஆடிப்போன படம். அவளிடமும் கேட்டேன். மாலையில் குரல்பதிவாகப் பதில் வந்தது.

"யாரும் திரும்பக் கை காட்டல டீச்சர். அப்பா கொஞ்ச நேரம் கையத் தூக்கிக்கிட்டே நின்னாரு. அப்புறம் வேலைக்குப் பேர் குடுக்கணும், பெரட்டுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு."

என் மூன்று வாக்குகளையும் அதற்கே போட்டேன்.