நூறாவது மரம்

நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நான் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். அங்கிருந்து கள்ளக்குறிச்சி போகிற சாலை ஓரமெல்லாம் புளியமரம். காய் ஏலம் விடுவதற்காக ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பு அடித்து எண் எழுதியிருப்பார்கள். மரத்துக்கு மரம் பத்து மீட்டர் இருக்கும்.

சூரியனைப் பூசணிக்காய் அளவுக்குச் சுருக்கினால் மற்றதெல்லாம் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டு, அந்த மரங்களில் தகர அட்டை மாட்டினேன். பள்ளி வாசலில் இருந்த முதல் மரத்தில், உறியில் ஒரு பூசணிக்காய். நாலாவது மரத்தில் பூமி, மெழுகில் ஒட்டிய ஒரு மிளகு. பதினெட்டில் வியாழன், ஒரு நெல்லிக்காய். நெப்டியூன் என்கிற சுண்டைக்காய் நூறாவது மரத்தில், சிறுபாலத்தை ஒட்டி. அடுத்த நட்சத்திரத்துக்கு இன்னொரு பூசணிக்காயைக் கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்தில்தான் தொங்கவிட வேண்டும்.

"கொழம்புக்கு வெச்சிருந்த காய எடுத்துக்கினு போயி மரத்துல கட்டிட்டீங்களே," என்றாள் என் மனைவி. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். பிறகு, "அந்த மெளகுல நாம எங்க கீறோம்?" என்று கேட்டாள்.

பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியமாட்டோம் என்றேன். கேட்க ஆள் கிடைத்த குஷியில், உடம்புக்குள் செல், அதற்குள் அணு, அணுவுக்குள் பெரும்பகுதி காலி இடம் என்று கீழே இறங்கிக்கொண்டே போனேன்.

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "காலி எடம்னு சொல்லாதீங்க. உள்ள ஒதைக்குது."

இட ஒதுக்கீட்டுக்காக எங்கள் ஆட்கள் சாலையை மறித்த வருஷம் அது. வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று ஊரில் முடிவானது. நானும் போனேன். கேட்பது நியாயம் என்று நினைத்துத்தான் போனேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"சார், எந்த மரத்த சாய்ச்சா பஸ்ஸு சுத்திக்கினு போவ முடியாது? உங்களுக்குத்தான் நம்பரெல்லாம் அத்துப்படி," என்றார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"நூறு. பாலத்தாண்ட கீது, எறங்கிப் போவ வழியே இல்ல," என்றேன். பூமியும் வியாழனும் தப்பட்டும் என்கிற அற்ப ஆசையும் உள்ளே இருந்தது. பிரசவத்துக்கு ஒரு மாதம் இருந்ததால், ஆஸ்பத்திரிக்கும் அதே சாலைதான் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "காலு முன்னால வருது சார். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுங்க."

ஊரில் இருந்த ஒரே காரில் ஏற்றினோம். சாலைக்குக் குறுக்கே கிடந்த நூறாவது மரத்தில் கார் நின்றது. தூக்கிக்கொண்டு கடந்தாலும் அந்தப் பக்கம் வண்டி கிடையாது. மரத்தைச் சாய்த்தவர்களே கோடாலியோடு ஓடி வந்து வெட்டினார்கள். வைரம் பாய்ந்த மரம். பாதி அறுபடுவதற்குள் காரிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண். அழவில்லை.

அவளை மருத்துவச்சியோடு காரில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நான் நடந்து வந்தேன். மரங்களின் எண் குறைந்துகொண்டே வந்தது. வியாழனில் நெல்லிக்காய் வாடிப்போயிருந்தது. நாலாவது மரத்தில் மிளகு அப்படியே இருந்தது. மேற்கே கல்வராயன் மலை. கையில் இருந்தது ஒரு படி அரிசி கனம்கூட இல்லை. இதை எதன் பக்கத்தில் வைத்து அளப்பது என்று தெரியாமல், அந்த மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. மரத்தைக் காட்டியது யார் என்று, அன்றைக்குக் கூட இருந்தவர்கள் ஒருத்தர்கூட அவளிடம் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பல வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சி போய்விட்டு அந்தப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் நாங்கள் திரும்பிய ஒரு நாள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அந்த மரத்த காட்டிக் குடுத்தவன் வூடு வெளங்கவே வெளங்காது."

நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் மோர் கேட்டேன். ஊற்றினாள்.